எது நல்ல பக்கம்

வெளிச்சம் முகத்துக்கு நேரே விழ வேண்டும், முதுகுப் பக்கமிருந்து வந்தால் முகம் கறுத்துப்போகும். முதல் விஷயம் அதுதான். மட்டக்கடைப் பகுதியில் இருக்கிற தன் பியூட்டி பார்லருக்கு வருகிற பிள்ளைகளிடமும், போனில் தன் சின்னச் சின்ன வீடியோக்களைப் பார்க்கிறவர்களிடமும் பெனிட்டா அதைத்தான் முதலில் சொல்லுவாள். அதனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வருகிறவர்கள் உட்காரும் சுழல் நாற்காலியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அவளே அதில் உட்கார்ந்தாள். மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் ஒரு படம் போக வேண்டும். ஒரே ஒரு செல்ஃபி. பதினோரு வருஷமாகக் கல்யாணப் பெண்களுக்கு முக அலங்காரம் செய்துவிடுகிறவளுக்கு அது என்ன பெரிய காரியம், போனைக் கண்ணுக்கு நாலு விரல் மேலே பிடிக்க வேண்டும், நாடியைக் கொஞ்சம் முன்னால் நீட்டி அப்புறம் கீழே இறக்க வேண்டும், கழுத்து நீளமாகத் தெரியும், அதற்கு முன்னால் லென்ஸைத் துடைக்க வேண்டும், பாதிப் பேர் லென்ஸைத் துடைக்காமல் கேமரா சரியில்லை என்று சொல்லுவார்கள். துப்பட்டா முனையால் துடைத்தாள். போனைத் தூக்கினாள். தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பக்கத்தைக் காட்டுவது? எல்லோருக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு, அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வீடியோவில் சொன்னதே அவள்தான். அவளுடைய நல்ல பக்கம் இடது பக்கம். இடது பக்கமாக இருந்தது. இப்போது அந்தப் பக்கம்தான் செத்துக் கிடக்கிறது. செத்து என்று சொல்லக் கூடாது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை வழியாக முகத்துக்கு ஒரு நரம்பு வருகிறது, அது வீங்கி நசுங்கியிருக்கிறது, ஆறு வாரத்தில், சிலருக்கு ஆறு மாதத்தில், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றுதான் சொன்னார். பெரும்பாலும். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் அந்தச் சொல் காலில் முள்ளாகக் குத்தியது. திரும்பிப் போய் அப்படியென்றால் என்ன டாக்டர் என்று கேட்டிருக்கலாம். அடுத்த ஆள் உள்ளே போயிருந்தார். இருபத்திரண்டு நாளாக அந்தச் சொல் கூடவே நடக்கிறது.

இருபத்திரண்டு நாளுக்கு முன்னால் காலையில் பல் தேய்த்துக் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாயில் ஒழுகி நைட்டியை நனைத்தது. குடம் ஓட்டையானால் குடத்தைப் பார்ப்போம், அவள் தண்ணீரைத்தான் பார்த்தாள், இன்றைக்குத் தண்ணீர் என்ன இப்படி வழுக்குகிறது என்று. மறுபடி வாயில் ஊற்றினாள், மறுபடி ஒழுகியது. பிறகு கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவள் அவளைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினாள். பெனிட்டா இரண்டு கண்ணையும்தான் மூடித் திறந்தாள், அது அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் கண்ணாடியில் ஒரு கண் விழித்தபடியே இருந்தது. பயம் அப்போது வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் இது, என் வீட்டுக் கண்ணாடியில் நின்றுகொண்டு என்னைக் கேலி செய்கிறது என்று. பயம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது வந்தது. காற்று அந்தக் கண்ணில் நேராக அடித்தது, மூட முடியவில்லை, கண்ணீர் கொட்டியது, ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஏம்மா அழுவுதீக, ஒண்ணும் ஆவாது என்றார். நான் அழவில்லை அண்ணே என்று சொல்ல வாயெடுத்தாள், ‘வி’ உதட்டில் நிற்கவில்லை, குழம்பி ஏதோ ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்ட பிறகு உண்மையிலேயே அழுதாள். எது முதல் அழுகை எது இரண்டாவது அழுகை என்று வெளியே இருந்து பார்த்தவருக்குத் தெரிந்திருக்காது. அவளுக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை.

சரி, படம். மணி ஓடுகிறது. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் பளபளத்தது, டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றினாள். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். கழுத்து நிறத்துக்கு ஒத்த பவுடரைத் தொட்டும் தொடாமலும் போட்டாள். புருவத்தைச் சீப்பால் மேல்நோக்கி வாரினாள். உதட்டுக்குக் கொஞ்சம் வாஸ்லின். இதெல்லாம் கை தானாகச் செய்தது, கைக்கு முகம் யாருடையது என்பதைப் பற்றிக் கவலையில்லை. போனைத் தூக்கி முதல் படத்தை எடுத்தாள். சிரிக்காமல் எடுத்தால் ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தாள். தெரிந்தது. இடது கன்னம் வழவழவென்று இருந்தது. மூக்கிலிருந்து வாய்க்கு இறங்குகிற கோடு அந்தப் பக்கம் அழிந்துபோயிருந்தது. நெற்றியில் பாதிக்குச் சுருக்கமே இல்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரியின் முகத்தில் பாதி, இருபத்தைந்து வயதுக்காரியினுடையது. இதற்காகத்தானே ஆசிரியைகளும் வங்கிக்காரம்மாக்களும் மாசாமாசம் வந்து இந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இந்தக் கோடு போவுமா பெனி, இந்தக் கோடு போவுமா என்று கேட்கிறார்கள். போகும், நரம்பு செத்தால் போகும். மறுபடியும் செத்தால் என்று நினைத்துவிட்டாளே. சிரித்து ஒரு படம் எடுத்தாள். வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது, கயிற்றைக் கட்டி இழுத்தது மாதிரி. யார் பார்த்தாலும் வலது பக்கம்தான் கோணியிருக்கிறது என்று நினைப்பார்கள். முதல் நாள், மறைக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால், மேல்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, வலது கன்னத்தில் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். கோணுகிற பக்கம்தான் நல்லாயிருக்கிற பக்கம், அது தனியாகக் கிடந்து இழுக்கிறது, அசையாமல் அழகாக இருக்கிறதே, அதுதான் சீக்குப் பிடித்த பக்கம் என்று அவளுக்கு விளக்க முடியவில்லை. அப்படியானால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது? நல்லாயிருக்கிற பக்கம் அசிங்கமாக இருக்கிறது. நல்லாயில்லாத பக்கம் அழகாக இருக்கிறது. இதில் போதாத குறைக்கு இந்தப் போன் வேறு, எடுக்கும்போது கண்ணாடி மாதிரி காட்டுகிறது, எடுத்து முடித்ததும் திருப்பிப் போட்டுவிடுகிறது. எடுக்கும்போது இந்தப் பக்கம் இருந்த மச்சம் எடுத்த பிறகு அந்தப் பக்கம் போய்விடுகிறது. நாலு படம் எடுத்த பிறகு, தன் கையைத் தூக்கிப் பார்த்து, இது சோறு தின்கிற கை, அப்போ இது வலது, என்று சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பாதி மட்டும் தெரிகிற மாதிரி எடுக்கலாம். கொஞ்சம் முடியை முன்னால் விட்டுக்கொள்ளலாம். அவளே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பருத் தழும்புக்கு, தீக்காயத்துக்கு, ஒரு தடவை ஒரு பெண்ணுக்குக் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்ததற்கு. அந்தப் பெண் என்ன ஏது என்று சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை, முடியை இப்படி விட்டுக்கிடுங்க, நல்லாருக்கும் என்று மட்டும் சொன்னாள். நல்லாத்தான் இருந்தது. மறைக்கச் சொல்லிக்கொடுப்பதும் உபகாரம்தானா? அதை இப்போது எதற்கு நினைக்கிறாள். பெர்க்மான்ஸுக்கு அனுப்ப வேண்டிய படத்தைப் பற்றி நினைக்க வேண்டும்.

பெர்க்மான்ஸ் அவள் புருஷன். சரக்குக் கப்பலில் இஞ்சின் ரூமில் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற ஆயிலர். போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் அவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் எப்போதும் தண்ணீரில். நடுக்கடலில் இருக்கும்போது கப்பல் இணையத்தில் ஒரு படம், ஒரு குரல் செய்தி போகும், வரும், எப்போதாவது குரல் மட்டும் கேட்கும், அவ்வளவுதான். கரை நெருங்கினால்தான் முகம் பார்த்துப் பேச முடியும். கல்யாணமான நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு படம் அவள் அனுப்பியாக வேண்டும், அது அவன் போட்ட ஒரே நிபந்தனை. இந்த மூன்று வாரமும் பழைய படங்களைத்தான் அனுப்பினாள். வீடியோ போடுகிறவளிடம் பழைய படத்துக்கா பஞ்சம். குரல் மட்டும் கேட்டு ஒரு தடவை பேசினான், என்ன பேச்சு வழுக்குது என்றான், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கு என்றாள். அவன் பெயரிலும் ‘பெ’, அவள் பெயரிலும் ‘பெ’, உதட்டை மூடாமல் அந்த எழுத்து வராது, இரண்டு பெயருமே மூன்று வாரமாக அவள் வாயில் உடைந்துதான் வருகின்றன. இன்றைக்குக் காலையில் அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. இஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியிருந்தான். “பெனி, பன்னெண்டு மணி வாக்குல கரைகிட்ட வந்துருவோம். சிக்னல் கெடச்சதும் வீடியோ கால் போடுதேன். அதுக்கு முந்தி ஒரு படம் அனுப்பு. இன்னிக்கு எடுத்தது. போன வாரம் அனுப்புனியே, அதுல ஒனக்குப் பின்னால காலண்டர்ல மார்ச்சுன்னு இருக்கு. இப்ப ஜூலை.” அங்கே நிறுத்தி, இஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு, “என்னமோ மறைக்கித. என்னன்னு தெரியல” என்று முடித்திருந்தான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் ஒன்பது தடவை கேட்டாள். கோபமா? வருத்தமா? சந்தேகமா? இரைச்சலில் பிடிபடவில்லை. புருஷன் ஏழு மாதமாகக் கடலில் இருக்க, பொண்டாட்டி பழைய படம் அனுப்பினால் ஒருத்தன் என்னவெல்லாம் நினைக்கலாம். அப்படி நினைத்திருப்பானோ? நினைக்க மாட்டான். நினைத்தால்தான் என்ன, அதை இல்லையென்று சொல்லிவிடலாம். இதை இல்லையென்று சொல்ல முடியாதே.

நேராகச் சொல்லிவிட்டால் என்ன என்று முதல் நாளே தோன்றியது. அப்போதுதான் அந்தச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விடுமுறையில் வந்திருந்தபோது, மீன் குழம்பு தின்றுகொண்டே, தங்கள் கப்பல் சமையல்காரருக்கு வாய் கோணிப்போன கதையைச் சொன்னான். அந்த மனுஷன் சாயா குடிப்பது எப்படி, விசில் அடிக்கப் பார்ப்பது எப்படி, கேப்டனுக்கு குட் மார்னிங் சொல்வது எப்படி என்று தன் வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு அப்படியே செய்து காட்டினான். பெனிட்டா சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள், புரையேறி, அவன் அவள் தலையில் தட்ட வேண்டி வந்தது. இன்னொரு தடவை செய்யுங்க என்று கேட்டது அவள்தான். அந்தச் சமையல்காரருக்கு அப்புறம் சரியாயிற்றா? அவர் பெயர் என்ன? கேட்கவே இல்லை. குழம்பை ஊற்றிக்கொண்டு வேறு எதற்கோ பேச்சு போய்விட்டது. இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த முகம் தெரியாத மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால் போதும் என்றிருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால் அவனிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பான். கண் எரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை விடவேண்டிய சொட்டு மருந்தை விட்டுக்கொண்டாள், விரலால் இமையை இழுத்து மூடினாள். இருட்டில் அவன் செய்து காட்டிய முகம் வந்தது. அது சமையல்காரர் முகமா, அவன் முகமா, தன் முகமா என்று பிரிக்க முடியவில்லை. சட்டென்று விரலை எடுத்தாள்.

பதினொன்றரை. மொத்தம் இருபத்தேழு படம் எடுத்து இருபத்தேழையும் அழித்திருந்தாள். ஷட்டரை யாரோ தட்டினார்கள். தட்டிக்கொண்டே குனிந்து உள்ளே வந்துவிட்டாள் அபிஷா, பக்கத்துத் தெருப் பிள்ளை, நர்ஸிங் படிக்கிறவள், மாதம் ஒரு தடவை புருவம் எடுக்க வருவாள். மூன்று வாரமாக யார் வந்தாலும் பெனிட்டா மாஸ்க் போட்டுக்கொள்வாள், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று. இப்போது மாஸ்க் கண்ணாடி மேடையில் கிடந்தது, எட்டி எடுக்கிற தூரத்தில் இல்லை.

“யக்கா, தொறந்துதான இருக்கு? ஒரு நிமிஷம்க்கா. நீங்க வீடியோவுல சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சேன். வெளிச்சம் நேரா, நாடி கீழ, எல்லாம். படமே நல்லா வர மாட்டேங்குது. இங்க பாருங்க.”

போனை நீட்டினாள். பெனிட்டா ஒரு விரலால் இடது கடைவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நல்லாத்தான இருக்கு” என்றாள்.

“எங்கக்கா நல்லாருக்கு? மூக்கப் பாருங்க. இந்தப் பக்கம் வளைஞ்சிருக்குல்ல? நேருல தெரியல, படத்துல தெரியுது. எது நெசம்? நான் நேருல இருக்க மாதிரியா, படத்துல இருக்க மாதிரியா?”

பெனிட்டா படத்தைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். எங்கேயும் வளைவு தெரியவில்லை. பத்தொன்பது வயது மூக்கு, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது. “போனு பக்கத்துல இருந்தா மூக்கு பெருசாத் தெரியும். கைய நல்லா நீட்டு. இல்ல, வேற யாரையாவது எடுக்கச் சொல்லு” என்றாள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. ‘பெருசா’ வழுக்கியது, ‘பக்கத்துல’ உடைந்தது. அபிஷா தலையை ஆட்டிக்கொண்டு போனைத் திருப்பித் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பக்கத்தில், இந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு, இந்தப் பிள்ளை தன்னைப் பார்க்கவே இல்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதிதானா அது? இருபத்திரண்டு நாளாக யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மறைத்த முகத்தை ஒருத்தி பார்க்காமல் நின்றால், அது ஏன் ஏமாற்றம் மாதிரி இருக்க வேண்டும்? “நீங்களே ஒண்ணு எடுத்துத் தாங்கக்கா” என்றாள் அபிஷா. எடுத்துக்கொடுத்தாள். நன்றாக வந்தது. பிள்ளை அதைப் பெரிதாக்கி மூக்கைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டு, ஷட்டருக்கடியில் குனிந்தாள். குனிந்தபடியே திரும்பி, “யக்கா, கண்ணு ரொம்பச் செவந்திருக்கு. நைட்டு கண்ண மூடி டேப் ஒட்டிட்டுத்தான படுக்கீங்க? ஒட்டாம விட்ராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்படியென்றால் பார்த்திருக்கிறாள். வந்ததும் பார்த்தாளா, போகும்போது பார்த்தாளா? பார்த்துவிட்டுத்தான் மூக்குக் கதையைச் சொன்னாளா, நர்ஸிங் பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்களா? இல்லை, அவளுக்கு இது, ஒருத்தருக்குச் சளி பிடித்திருப்பது மாதிரி, சும்மா ஒரு விஷயமா? பெனிட்டா எழுந்து மாஸ்க்கை எடுத்தாள், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் நாற்காலியை விட்டு நகர்ந்து தரைக்குப் போயிருந்தது. நாற்காலியை அதன் பின்னாலேயே நகர்த்த வேண்டும். நகர்த்தி உட்கார்ந்து போனைத் தூக்கியபோது போன் அவள் கையிலேயே அதிர்ந்தது. மணி பன்னிரண்டு ஆகவில்லை. ஐந்து நிமிஷம் பாக்கியிருந்தது. திரையில் அவன் பெயர். எடுக்காமல் விட்டுவிடலாம், ஆள் வந்திருந்தது என்று சொல்லலாம். கேமராவைக் கையால் பொத்திக்கொண்டு எடுக்கலாம். வலதா, இடதா, எந்தப் பக்கம் திரும்ப? விரல் பட்டுவிட்டது. பட்டதா, அவள்தான் தொட்டாளா?

“பெனி? பெனி, கேக்குதா?”

திரையில் அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. தலையா தொப்பியா தெரியவில்லை.

“கேக்குது.”

“படம் வரலட்டி. கறுப்பா இருக்கு. சத்தம் மட்டும் வருது. நீ பேசு.”

தப்பித்தாயிற்று. இன்றைக்குத் தப்பித்தாயிற்று. கப்பல் கரையை விட்டால் மறுபடி ஒரு மாதம், அதற்குள் ஆறு வாரம் தாண்டிவிடும், பெரும்பாலும் சரியாகியிருக்கும். எப்படியிருக்கீங்க, சாப்பிட்டீங்களா, அங்கே மழையா என்று கேட்டால் முடிந்தது. வாயைத் திறந்தாள். “எனக்கு முகம் ஒரு பக்கம் வேலை செய்யலங்க” என்றாள். வேறு யாரோ சொன்னது மாதிரி இருந்தது. “மூணு வாரமாச்சு. வாய் கோணிப் போச்சு. ஒரு கண்ணு மூட மாட்டேங்குது.”

கட்டங்கள் அசையாமல் நின்றன. கேட்டுவிட்டு நிற்கிறானா, லைன் அறுந்துவிட்டதா? ஒருவேளை கேட்கவே இல்லையோ, அப்படியானால் இன்னொரு தடவை சொல்ல வேண்டுமே, இன்னொரு தடவை சொல்லத் தன்னால் முடியாதே. ஹலோ என்று சொல்லப் பயந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போய் முடிந்தது.

“வலிக்குதா?” என்று கேட்டது போன்.

டாக்டரும் கேட்டிருந்தார், காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டே. இல்லை என்று உடனே சொல்லியிருந்தாள். இப்போது உடனே சொல்ல வரவில்லை. நெற்றி, கன்னம், நாடி என்று ஒவ்வொரு இடமாக உள்ளுக்குள்ளேயே போய்த் தேடினாள். எங்கே வலிக்கிறது? எங்கேயோ வலித்தது. இடம் சொல்லத் தெரியவில்லை.

“கண்ணு எரியுது” என்றாள் கடைசியில்.

“மூடிக்கோ.”

“மூட முடியலன்னு சொன்னேனே.”

“வெரலால மூடுட்டி. மூடிட்டு அப்படியே இரி. நீ ஒண்ணும் பேச வேண்டாம், நான் பேசுதேன்.” குரல் ஒரு மாதிரி இருந்தது, இரைச்சல் இல்லாத இடத்துக்கு வந்து நிற்கிறான் போல. “காலையில ஒரு பெரிய மீன் கூட்டம் கப்பலோடயே வந்துச்சு…”

பெனிட்டா போனைக் கண்ணாடி மேடையில் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தாள். லென்ஸ் எங்கே பார்க்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. இடது இமையை விரலால் இறக்கிப் பிடித்தாள், மற்றது தானாக மூடிக்கொண்டது. அவன் மீனைப் பற்றிச் சொன்னான், இஞ்சின் ரூம் சூட்டைப் பற்றிச் சொன்னான், இறங்கப் போகிற ஊரின் பெயரை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தான். நடு வாக்கியத்தில் நின்றான்.

“பெனி, இப்ப படம் வருது” என்றான்.

அவள் விரலை எடுக்கவில்லை.